மின்னியக்கத் தாம்பு

8.1.1996, தஞ்சாவூர்

ஆங்கில அகரவரிசையில் டி (T) எழுத்துக்கு வந்துவிட்டோம். இந்த வேகத்தில் போனால் அறிவியல் சொற்களஞ்சியம் கோடைக்குள் அச்சுக்குப் போய்விடும் என்கிறார் ஐயா. அதன்பின் தற்காலிகப் பணியாளர்களாகிய நாங்கள் எங்கே போவோம் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஒரு சிறு விளக்கக் கட்டுரையும் எழுத வேண்டும். என் பங்குக்கு வந்த சொற்களில் ஒன்று, டெதர். விண்வெளிக்கு உரியது. மேலே ஒரு துணைக்கோள், கீழே ஒரு விண்வெளி ஓடம், நடுவே மைல் கணக்கில் நீளும் மெல்லிய செப்புக் கம்பி. பூமியின் காந்தப்புலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு அந்தக் கம்பி ஓடும். ஓடுகிற கம்பியில் மின்னழுத்தம் பிறக்கும். எரிபொருள் இல்லாமல் மின்சாரம். மின்சாரத்தைத் திருப்பிச் செலுத்தினால் எரிபொருள் இல்லாமல் உந்துவிசை. நாலு வருஷம் முன்பு சோதித்தபோது கம்பி உருளையில் சிக்கிக்கொண்டது. அடுத்த மாதம் மறுபடி.

இதைத் தமிழில் என்னவென்று அழைப்பது?

எதிர் மேசையிலிருந்து நீலா: "என்ன சார், காலையிலேருந்து ஒரே சொல்லையே மொறைச்சிட்டு இருக்கீங்க. அது என்ன பண்ணுச்சு ஒங்கள?"

அலுவலகத்தில் நான் அவளுக்கு "சார்", "நீங்க". பஸ் ஏறிப் பழைய பேருந்து நிலையத்தில் இறங்கினால் "வைரம்", "நீ". அவள் முழுப் பெயர் நீலாயதாட்சி. மொழியியல் எம்.ஏ. சீர்காழிக்குக் கிழக்கே மீனவர் குப்பம். என் ஊரிலிருந்து உப்பனாற்றைத் தாண்டினால் அவள் ஊர். ஆனால் நாங்கள் சந்திக்கத் தஞ்சாவூர் வரவேண்டியிருந்தது.

10.1.96

திருவையாற்றில் ஆராதனைக் கூட்டம். பஸ்ஸில் நிற்க இடமில்லை. நீலாவின் தோள் என் கையில் பட்டபடியே இருந்தது. அவ்வளவுதான் எழுத முடிகிறது.

16.1.96, ஊர்

மாட்டுப் பொங்கல். எங்கள் வீட்டில் மாடு இல்லை. போன ஆடியிலேயே விற்றாயிற்று. உப்பேறிய குளத்துத் தண்ணீரை மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளுமாம். அம்மா காலித் தொட்டிக்கும் மஞ்சள் வைத்திருந்தாள்.

எங்கள் வயலை ஒட்டி இப்போது வேறு வயல் கிடையாது. கரை கட்டிய குட்டைகள். தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கும் துடுப்புச் சக்கரங்கள். இறால். கம்பெனி கடல்நீரைக் கொண்டுவர வாய்க்கால் வெட்டிவிட்டது. கழிவுநீரை உப்பனாற்றில் விடத்தான் வழியில்லை. குட்டைகளுக்கும் ஆற்றுக்கும் நடுவில் அப்பாவின் மூன்று மா நிலம், ஓர் ஏக்கர், கிடக்கிறது. அது கிடைத்தால் சுற்று முடிந்துவிடும்.

அந்த மூன்று மா, நில உச்சவரம்புச் சட்டத்தில் உபரியாகிக் கிடைத்தது. அப்பா பண்ணையாளாக இருந்தவர். கொடி பிடித்து, அடி வாங்கி, சிறைக்குப் போய், நான் பிறந்த வருஷம் பட்டா வாங்கினார். பட்டாவில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்காகவே இரவுப் பள்ளியில் எழுதக் கற்றார். மருதையன். ஐந்து எழுத்து. அவருக்குத் தெரிந்தது அந்த ஐந்துதான்.

இந்தச் சம்பாவில் நாற்று வெளுத்தே போய்விட்டது. வரப்பில் உப்பு பூத்திருக்கிறது.

அண்ணன் முருகையன்: "குடுத்துட்டுப் போவோம்டா. எனக்கு அங்கயே வாட்ச்மேன் வேலை தர்றேங்குறான். நெல்லு வெளையாத எடத்துல கவுரவமா வெளையும்?"

அப்பா இலையை மடித்துவிட்டு எழுந்துபோனார்.

17.1.96

நேற்று எழுதாமல் விட்டது.

மார்கழியில் சீர்காழியில் இரண்டு ஊரும் சேர்ந்து கம்பெனிக்கு எதிராக உட்கார்ந்தோம். நீலாவின் அப்பா செல்லத்துரை, அப்பாவுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரே கேனிலிருந்து டீ. பிறகு என்னை மட்டும் தனியாக அழைத்தார்.

"பாப்பா சொல்லிச்சு. சாதிய நான் எங்க பஞ்சாயத்துல பேசி முடிக்கிறேன் தம்பி, அது என் பாடு. ஒங்கப்பா நெலம் மட்டும் கம்பெனிக்காரன்ட்ட போவக் கூடாது. அந்த அழுக்குத் தண்ணி ஆத்துல எறங்குனா எங்க வலையில ஒண்ணும் ஏறாது. அப்புறம் எங்கூர்ல ஒம் பேர நான் வாயில எடுக்க முடியுமா?"

நியாயம். ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

அப்பாவுக்கு நீலாவைப் பற்றித் தெரியாது. அவருடைய மூன்று மாவில் என் கல்யாணம் கட்டிக் கிடப்பதும் தெரியாது. எப்படிச் சொல்வது? வெளுத்துப்போன நாற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பவரிடம் போய்?

22.1.96, தஞ்சாவூர்

சொல்லாக்கக் கூட்டம். ஐயா (எங்கள் பிரிவுத் தலைவர் சிங்காரவேலு, எல்லாருக்கும் அவர் ஐயாதான்) 'மின்னியக்கத் தளை' என்று எழுதிக்கொண்டே வந்திருந்தார்.

"யாப்புல சீரும் சீரும் சேர்ற எடம் தளை. கட்டுறதில்ல தம்பி, சேக்குறது."

"எங்க ஊர்ல அது கால்ல பூட்டுறதுங்கய்யா."

ஐயா 'தளை'க்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். 

வடம் என்றார் ஒருவர். அதைக் கேபிளுக்குக் கொடுத்தாயிற்று. கயிறு என்றார் இன்னொருவர். மொட்டையாக இருக்கிறது.

தாம்பு என்றேன். களத்தில் நெற்கதிரை மிதிக்கவிட்டுத் தாளடிக்கும்போது மாடுகளை வரிசையாகப் பிணைக்கிற கயிறு. எல்லா மாடும் ஒரே நேரத்தில்தான் சுற்றை முடிக்க வேண்டும். வெளிமாடு ஓட வேண்டும், உள்மாடு அடிவைத்து நடக்க வேண்டும். அதன் வேகம் அதற்கில்லை, இதன் வேகம் இதற்கில்லை. கயிறு விறைத்து நிற்பது அதனால்தான். துணைக்கோளும் ஓடமும் பூமியைச் சுற்றுவது அச்சு அசலாக இப்படித்தான்.

"அறிவியல்ல மாடு வரலாமா?" என்றார் ஐயா.

நீலா தலை நிமிராமலே, "குதிரை வந்திருக்கேய்யா. குதிரைத்திறன்."

எல்லாரும் சிரித்துவிட்டோம். ஐயாவும். 'தளை'யை அவரே அடித்துவிட்டு மேலே எழுதினார்: மின்னியக்கத் தாம்பு.

இன்று எனக்கு நல்ல நாள் என்று எழுதி வைக்கிறேன்.

29.1.96

மாலை. புது ஆற்றுப் பாலம். தண்ணீர் குறைச்சல், ஓரமாக ஓடுகிறது. நீலாவுக்குத் தாம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். காதலிப்பவர்கள் வேறு எதையாவது பேசுவார்களாயிருக்கும்.

அந்த உயரத்தில் வெளி வெறுமையாக இல்லை. மின்னேற்றம் பெற்ற துகள்கள் மெல்லிய கடலைப்போல் பரவிக் கிடக்கின்றன. துணைக்கோள் அந்தக் கடலிலிருந்து எலெக்ட்ரான்களை அள்ளும். அவை கம்பி வழியே இறங்கி ஓடத்துக்கு வரும். ஓடம் அவற்றை மறுபடி கடலிலேயே கொட்ட வேண்டும். அப்போதுதான் சுற்று முடியும்.

"ஆக, அள்ளுறதும் கடல்லேருந்து, கொட்டுறதும் கடல்ல. இறால் கம்பெனியேதான்."

"நீலா..."

"சும்மா சொன்னேன். மின்சாரம் சும்மாவே வருதா?"

சும்மா வராது. எடுக்கும் மின்சாரத்துக்கு உயரத்தைக் கொடுக்க வேண்டும். விளக்கு எரிய எரிய ஓடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். மறுபடி ஏற வேண்டுமானால் நாம் கம்பிக்குள் மின்சாரம் செலுத்த வேண்டும்.

"அறுந்தா?"

அவள் கயிறுகளோடு வளர்ந்தவள். முதலில் அதைத்தான் கேட்பாள்.

மேலே இருப்பது இன்னும் மேலே போகும், கீழே இருப்பது கீழே இறங்கும் என்றேன். ஒருவரையொருவர் பிடித்துவைத்திருந்த வேகம் அப்படி.

"ரெண்டும் ஒரே எடத்துல நிக்காதா?"

"நிக்காது."

ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இதக் கட்டுரையில எழுதாத. பயமா இருக்கு." பிறகு அவளே, "இல்ல, எழுது. எழுதலன்னா பொய்யாயிரும்."

11.2.96

தேர்தல் வரப்போகிறது. சுவர்களுக்கு வெள்ளையடித்து இடம் பிடிக்கிறார்கள். ஆட்சி மாறினால் கம்பெனியை மூடிவிடுவார்கள் என்று செல்லத்துரை நம்புகிறாராம். "ரெண்டு மாசம் ஒங்கப்பா பொறுத்தாப் போதும்னாரு" என்றாள் நீலா.

இரண்டு மாசம். ஊருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள அப்பாவுக்கு' வரை வந்தது. கடிதத்தைப் படித்துக்காட்டப் போவது அண்ணன்.

கிழித்துவிட்டேன்.

23.2.96

ஓடம் நேற்றுக் கிளம்பிவிட்டது. வானொலியில் ஒரு வரி.

25.2.96, ஞாயிறு

அப்பா வந்திருந்தார்.

முன்தகவல் இல்லை. அறை வாசலில் மஞ்சள் பையோடு நின்றார். பையில் முருங்கைக்காய். பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். இட்லியைப் பிட்டுக்கொண்டே, "என்னதான் வேலை பாக்குற? ஒங்காத்தா கேட்டா சொல்லணும்ல" என்றார். சொன்னேன். கம்பி, காந்தம், வானத்தில் மின்சாரம்.

கேட்டுக்கொண்டார். "கரண்ட் வருதுங்குறியே, பில்லு யாரு கட்டுறது? அங்கயும் நம்ம பம்புசெட் மாதிரி இலவசமா?"

"இல்லப்பா. உயரத்தக் குடுக்கணும். கரண்ட எடுக்க எடுக்கக் கீழ எறங்கிக்கிட்டே வரும்."

"அப்ப சரி" என்றார். எது சரி என்று தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அதன்பின் சிரிப்பு போய்விட்டது.

"கம்பெனிக்காரன் வெள்ளிக்கெழம வரச் சொல்லிருக்கான்."

நான் தண்ணீரைக் குடித்தேன்.

"செத்த மாட்ட எத்தன நாளைக்குத் தம்பி கட்டி வச்சிருக்கிறது? எலெக்‌ஷன் வரட்டும்ங்குறாங்க. கவுருமெண்டு மாறும். உப்பு மாறுமா?" தட்டை ஓரமாக நகர்த்தினார். "ஒங்கண்ணன் குடுங்குறான். ஆத்தா அழுவுறா. நீ படிச்சவன். நீ சொல்லு. நீ வேண்டாம்னா வேண்டாம். ஏன்னு கேக்க மாட்டேன்."

ஏன்னு கேக்க மாட்டேன்.

ஒரு சொல்தான். 'வேண்டாம்'. வாயருகே இருந்தது. மேசைக்குக் கீழே அவருடைய பாதம் தெரிந்தது. பித்தவெடிப்பில் உப்பு வெள்ளையாக அடைத்திருந்தது. அந்தக் காலை இன்னும் இரண்டு மாசம், இன்னொரு சம்பா, செத்த நிலத்தில் எதற்காக நிற்க வைப்பது? எனக்காகத்தானே? எனக்காக என்று தெரியாமலே நிற்பார். அதுதான் தாங்கவில்லை.

"ஒங்க இஷ்டம்ப்பா" என்றேன்.

தலையாட்டினார். சீர்காழி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு, "முருங்கக்கா வாடிரும், இன்னிக்கே யாருக்காச்சும் குடுத்துரு" என்றார்.

27.2.96

தாம்பு அறுந்துவிட்டது.

ஆங்கில நாளிதழில் இரண்டு பத்தி. இருபது கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கூடுதல் நீளம். கிட்டத்தட்ட முழுவதும் வெளியே விட்டாயிற்று, இன்னும் ஒரு கிலோமீட்டர்தான் பாக்கி. ஆயிரக்கணக்கான வோல்ட். எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே மின்சாரம் ஓடியிருக்கிறது. எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்தபோது, ஓடத்துக்கு அருகிலேயே, அறுந்துவிட்டது. அறுந்த முனை கருகியிருந்ததாம்.

துணைக்கோள் மேலே போய்விட்டது. நீண்ட வாலோடு.

நீலா படித்துவிட்டுத் தாளை மடித்தாள். "கட்டுரையில சேக்கணும் சார்" என்றாள். யாரும் பக்கத்தில் இல்லாதபோதும் 'சார்' என்றாள். அப்பா வந்துபோனதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. முருங்கைக்காயை ஐயா வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

1.3.96, வெள்ளி

அண்ணன் அலுவலகத்துக்கு போன் செய்தான்.

"முடிஞ்சிருச்சுடா."

"அப்பா?"

"நல்லாத்தான் இருக்காரு. பேனாவக் குடுத்தாங்க. வேணாம்னுட்டாரு."

"அப்புறம்?"

"மையத் தொட்டுக் கைநாட்டு வச்சாரு. 'ஒங்களுக்குத்தான் எழுதத் தெரியுமேய்யா'ன்னு கம்பெனிக்காரனே கேட்டான். 'அது வாங்குறதுக்குக் கத்துக்கிட்டது'ன்னுட்டாரு."

2.3.96

எழுத ஒன்றுமில்லை.

4.3.96

நீலாவுக்குத் தெரிந்துவிட்டது. என் மூலம் இல்லை. நேற்று அவள் ஊரில் பஞ்சாயத்து கூடியது. நிலம் கொடுத்த குடும்பத்தோடு கொள்வினை கொடுப்பினை கிடையாது. ஊரோடு சேர்ந்து செல்லத்துரையும் கை தூக்கினாராம். தூக்காமல் எப்படி?

மாலை, புது ஆற்றுப் பாலம். பக்கத்தில் நிற்கவில்லை. சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"ஒங்கப்பா ஒங்கிட்ட கேட்டாரா, கேக்கலையா? அத மட்டும் சொல்லு."

"கேட்டாரு."

"என்ன சொன்ன?"

"ஒங்க இஷ்டம்னேன்."

"எம் பேரச் சொல்ல வேணாம். காரணம் சொல்ல வேணாம். 'வேணாம்'னு ஒரு வார்த்த. நாள் பூரா உக்காந்து வார்த்ததானே செய்யிற? ஊரு ஒலகத்துக்கெல்லாம் வார்த்த செய்யிற. எனக்கு ஒண்ணு செய்ய முடியலையா?"

அப்பாவின் காலைப் பற்றிச் சொன்னேன். உப்பைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் இளகியது. கோபம் போய்விட்டது. அதுதான் மோசம். கோபம் இருந்தவரை நான் அவளுக்கு உரியவனாக இருந்தேன்.

"நானா இருந்தாலும் சொல்லிருக்க மாட்டேன்போல" என்றாள். "ஆனா நீ சொல்லிருக்கணும்."

இரண்டும் உண்மை.

கிளம்பும்போது: "எங்கப்பா பாத்தாராம். விடியக்காலம் கடல்லேருந்து வரும்போது வானத்துல கோடு மாதிரி ஒண்ணு வடக்கால போச்சாம். வாலு வச்ச நட்சத்திரமான்னு கேட்டாரு. நான் ஒண்ணும் சொல்லல."

அறுந்துபோன தாம்பாக இருக்குமா? இருக்கலாம். அந்த நீளத்துக்கு வெறும் கண்ணுக்கே தெரியும் என்று படித்தேன்.

11.3.96

எதிர் மேசை காலி. விலகல் கடிதத்தை ஐயாவுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறாள். வீட்டிலிருந்தே தன் பங்கு மெய்ப்பைப் பார்த்து அச்சகத்துக்கு அனுப்பிவிடுவாளாம். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல புள்ள. குதிரைத்திறன்னுச்சே" என்றார்.

அவள் மேசையில் ஒரு சிவப்பு மைப் பேனா கிடந்தது. எடுக்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் வேறு யாரோ எடுத்திருந்தார்கள்.

13.3.96

இருட்டுகிற நேரம் மாடியில் நின்று வடக்கே பார்த்தேன். மேகம். கோயில் விமானம். வேறொன்றும் இல்லை.

நேற்றும் பார்த்தேன்.

21.3.96

துணைக்கோள் விழுந்துவிட்டது. காற்றில் எரிந்து போயிற்று.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெறும் துணைக்கோளாக இருந்திருந்தால் அந்த உயரத்தில் வெகுநாள் சுற்றியிருக்கும். கூடவே இழுத்துப்போன கம்பிதான் அதைக் கீழே கொண்டுவந்தது. அவ்வளவு நீளம், அந்த உயரத்தில் இருக்கிற மெல்லிய காற்றில்கூட உராயும். ஓடத்திடம் கம்பி இல்லை. அது பத்திரமாகத் தரையிறங்கிவிட்டது.

அறுந்த பிறகு கயிறு எவரிடம் தங்குகிறதோ அவர் முதலில் விழுகிறார்.

கட்டுரையில் எழுதவில்லை. கட்டுரைக்கு வேண்டியது: 'உராய்வின் காரணமாகச் சுற்றுப்பாதை விரைவில் சிதைந்தது.'

22.4.96

மெய்ப்பு வந்திருக்கிறது. அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் காதர் மைதீன் பாய் டவுன்காரர். தாம்பைக் கண்டதில்லை. கையெழுத்தில் பிழை என்று நினைத்துத் திருத்திவிட்டிருக்கிறார். இலக்கணமாகவே, ஒற்றையும் மாற்றி:

மின்னியக்கப் பாம்பு.

கீழே என் கட்டுரை. 'பாம்பு விறைப்பாக இருக்கும்வரை…' 'பாம்பு அறுந்தால்…'

சிரித்தேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். எதிர் மேசையைப் பார்த்துச் சொல்ல வாயெடுத்தேன்.

திருத்தவில்லை. இருக்கட்டும். பாம்பாகவே இருக்கட்டும். யாருக்கு என்ன? அச்சிடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐயா பக்கத்தைப் பார்க்காமலே தன் கையெழுத்தையும் போட்டார்.

14.5.96

ஆட்சி மாறிவிட்டது. ராத்திரியிலிருந்து வெடிச் சத்தம். கம்பெனியில் துடுப்புச் சக்கரங்கள் நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பதாக அண்ணன் சொன்னான். அவன்தான் இப்போது அங்கே காவல்.

அப்பா அந்தப் பக்கமே போவதில்லையாம்.

20.5.96

பிரிவு முகவரிக்கு ஓர் அழைப்பிதழ். திருநிறைச்செல்வி நீலாயதாட்சி. மாப்பிள்ளை நாகப்பட்டினம், சொந்தமாக விசைப்படகு. 'தங்கள் வரவை அன்புடன் எதிர்நோக்கும்' என்பதற்குக் கீழே செல்லத்துரை. எல்லாரும் சேர்ந்து ஒரு குத்துவிளக்கு வாங்குகிறோம். நானும் பங்கு கொடுத்தேன்.

9.7.96

விசாரணை அறிக்கை வந்திருக்கிறது. கம்பியைச் சுற்றியிருந்த உறையில் எங்கோ மிகச் சிறிய சேதம். அந்த வழியாக மின்சாரம் போகக்கூடாத இடத்துக்குப் பாய்ந்து, கம்பியை எரித்துவிட்டது. இழுவை தாங்காமல் அறுந்ததல்ல.

சேர்க்க நேரமில்லை. டி எழுத்து எப்போதோ அச்சாகியிருக்கும்.

2.9.96, மன்னார்குடி

சொற்களஞ்சியப் பணி முடிந்தது. இங்கே ஒரு டுடோரியலில் இயற்பியல். அறை ஹரித்ராநதிக் கரையில். மாணவர்கள் நல்லவர்கள். காந்தப்புலத்தில் நகரும் கடத்தி பற்றி நடத்தினேன். "இது எதுக்கு சார் ஒதவும்?" என்று ஒருவன் கேட்டான். சைக்கிள் டைனமோ என்றேன்.

12.12.96

கரையோர இறால் பண்ணைகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு. பக்கத்துக் கடையில் சத்தமாகப் படித்தார்கள். யாரோ மிட்டாய் கொடுத்தார்கள். வாயில் போட்டுக்கொண்டேன்.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால்.

15.12.96, ஊர்

அப்பாவோடு போய்ப் பார்த்தேன். சக்கரங்கள் நின்றுவிட்டன. எங்கள் மூன்று மாவில் ஆளுயரத்துக்குப் பள்ளம், அடியில் கருப்பாகத் தண்ணீர்.

"ஜெயிச்சிட்டோம்ங்குறாங்க" என்றார்.

"ஆமாப்பா."

திரும்பி வரும்போது வரப்பில் நின்றார். "அன்னிக்கு ஓட்டல்ல ஏதோ சொல்ல வந்த. தண்ணியக் குடிச்சிட்டு உட்டுட்ட. என்னான்னு கேக்கல. கேக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்ல."

நான் முன்னால் நடந்தேன். முகத்தைக் காட்ட முடியவில்லை.

20.1.97, தஞ்சாவூர்

சொற்களஞ்சியம் வெளிவந்துவிட்டது. பங்களித்தவர்களுக்கு ஒரு படி என்று ஐயா எழுதியிருந்தார். அச்சகத்துக்கே போய் வாங்கிக்கொண்டேன். காதர் மைதீன் பாய் தாளில் கட்டிக் கொடுத்தார். கட்டைப் பிரிக்காமலே கேட்டேன், எல்லாரும் பாம்பைப் பார்த்துச் சிரித்தார்களா என்று.

"எந்தப் பாம்பு?" என்றார். பிறகு நினைவு வந்தது. "அட, அதுவா! அது அப்பவே போச்சே தம்பி. ஒங்க ஆபீஸ்ல இருந்துச்சே, சீர்காழிப் பக்கத்துப் பொண்ணு. வைகாசி மாசம், ஒரு நாள் மத்தியானம் வந்துச்சு. கையெல்லாம் மருதாணி. கடைசிக் கட்டு மெய்ப்பக் குடுக்க வந்தேன்னுச்சு. தபால்லதான் அனுப்புறது வழக்கம். அன்னிக்கு நேர்ல. டி எழுத்து பாரத்தக் காட்டுங்க பாய்னுச்சு. எழுத்தெல்லாம் கோத்து மெஷின்ல ஏத்தக் கட்டி வச்சிருந்தேன். பாத்துச்சு. 'பாய், இது பாம்பு இல்ல'ன்னுச்சு. அம்மா, கையெழுத்தாயிருச்சு, இனிமே தொடக் கூடாதுன்னேன். கேட்டாத்தானே. எழுத்தெடுக்குற சாமணத்த என் கையிலேருந்து வாங்கிருச்சு. ஒவ்வொரு எடமாத் தேடித் தேடி அதுவே மாத்துச்சு. ஒத்தெழுத்தையும் உடல. பொறவு கையத் தொடச்சிட்டு, நேரமாச்சு பாய், பஸ்ஸுன்னு போயிருச்சு."

"ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லிச்சு. அது என்னம்மா தாம்பு, நான் கேள்விப்பட்டதே இல்லையேன்னேன். 'நாங்களும் கேள்விப்பட்டதில்ல பாய், எங்க சார் ஊர்ல மாடு கட்டுற கயிறு'ன்னுச்சு."

பஸ் நிலையத்தில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தேன். மின்னியக்கத் தாம்பு. பழைய அச்செழுத்துகள் தேய்ந்தவை, வெளிறிப் பதிந்திருக்கின்றன. பாய் அவளுக்குப் புதிய எழுத்து கொடுத்திருப்பார் போலிருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் அவள் வைத்த 'தா' கொஞ்சம் கருப்பாக, கொஞ்சம் ஆழமாக இருக்கிறது. பக்கத்தைத் திருப்பிப் பின்புறம் விரலால் தடவினால் தெரிகிறது.